தவக்காலத்து மல்லாட்டைக் குழம்பு

கூப்பிட வேண்டாம், அவரே வரட்டும். குழம்பு நாலு கொதி வந்தாயிற்று. வாசனை வாசல் வரைக்கும் போயிருக்கும். மூக்கு இருக்கிறவர்தானே, வருவார்.

அமலா அடுப்பைத் தணித்துவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறை கிளறினாள். சட்டியில் பச்சை மல்லாட்டையும் பிஞ்சுக் கத்தரிக்காயும் புளிச்சாற்றில் புரண்டன. கிருஷ்ணசாமி ஐயா கொல்லையில் காலையில் நிலக்கடலைச் செடி பிடுங்கி ஆய்ந்ததற்குக் கூலியோடு கிடைத்த மல்லாட்டை. மண் வாசனை போவதற்குள் உரித்து, பாதியை முழுசாகப் போட்டு, மீதியை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கிச் சேர்த்திருந்தாள்.

பங்குனியில் மல்லாட்டை வருகிற நேரத்தில்தான் தவக்காலமும் வரும். தெருவில் எல்லோரும் கறியை விட்டிருப்பார்கள். அமலா அதோடு இந்தக் குழம்பையும் விட்டிருந்தாள். ஈஸ்டர் வரைக்கும் ஒரு பருப்பைக்கூட வாயில் போடமாட்டாள். ஆக்குவாள், பரிமாறுவாள், தனக்கு மோரை ஊற்றிக்கொண்டு ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ருசி பார்ப்பதும் கிடையாது. அதனால் இந்த நாட்களில் மட்டும் உப்பு பார்த்துச் சொல்வது அவள் புருஷன் இனியவன்.

வாசலில் மாமியார் இருதயமேரியின் குரல் கேட்டது.

"டேய், உள்ள போயி உப்பு பாரு. ஒழுங்கா பாரு. நேத்து நீ பாத்த உப்புக்கு ராத்திரி பூரா தண்ணியக் குடிச்சிக்கினு கெடந்தேன்."

"உனுக்கு நாக்கு செத்துப்போச்சும்மா."

"எனுக்கா? அவ கையால வேப்பெண்ணைய ஊத்தனாலும், கொஞ்சம் கம்மியா கீது, இன்னோண்டு ஊத்துன்னு நிப்ப நீ."

அமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொய்யில்லை. முதல் சொட்டுக்கு எப்போதுமே "கொஞ்சம் கம்மி" என்பார். ஒரு கல் உப்பைப் போட்டு, கலக்கி, உள்ளங்கையில் மறுபடி ஊற்ற வேண்டும். உப்புக்காகச் சொல்கிறாரா, இன்னொரு சொட்டுக்காகச் சொல்கிறாரா என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் அது தீர்ந்துபோய்விடும் போல இருந்தது.

எல்லாம் அவர் சென்னையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த வருஷம் தொடங்கியது. இந்த மனுஷன் எழுந்து நடக்கட்டும், என் உயிர் உள்ளவரைக்கும் தவக்காலத்தில் மல்லாட்டையைத் தொடமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பொருத்தனை வைத்தாள். மாதாவுக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது, ரொம்பப் பிடித்ததாக அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. முதலில் நடக்கட்டும், பிறகு மல்லாட்டையை விடலாம் என்று இருக்க அவளுக்குப் பொறுமையில்லை. விட்டுவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, மாமியார் சிலுவைப்பாதைக்குப் போயிருந்த நேரம், பழக்க தோஷத்தில் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனவள், சட்டென்று நினைவு வந்து கையை உதறினாள்.

"யாராச்சும் வந்து உப்பு பாருங்களேன்!"

வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை என்பது கத்திய பிறகுதான் உறைத்தது. உள்ளே கட்டில் முனகியது. சுவரைத் தடவித் தடவி வந்தார். அடுப்பங்கரை நிலையைப் பிடித்தபடி நின்று, மறு கையை அவள் முன்னால் நீட்டினார். அவள் ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது. நக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மி" என்றார்.

அந்த நாளைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது இடது காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. இனியவன் வந்து அடுப்பின் பக்கத்தில் நின்றார். கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு ஃபாதரு நம்ம கடைக்கு வந்தாரு. கோயிலுக்கு பெயிண்டு வாங்கறதுக்கு." திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் அவருக்கு வேலை. "உன் பொருத்தனையப் பத்தி அவராண்ட சொன்னேன்."

"எதுக்கு?"

"போதும்னுட்டாரு அமலா. இத்தினி வருசம் செஞ்சதே பெருசாம். ஒரு மரக்கா மல்லாட்டைய அநாதை இல்லத்துக்குக் குடுத்துட்டு, உன்ன சாப்பிடச் சொன்னாரு. தப்பே இல்லியாம்."

"ஃபாதரே சொல்ட்டாரில்ல, துன்னுடி!" என்று வாசலிலிருந்து இருதயமேரி குரல் கொடுத்தார். "அப்பயாச்சும் எனுக்கு ஒழுங்கா உப்பு கெடைக்கும்."

அமலா சட்டியைப் பார்த்தாள். நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. ஒவ்வொரு வருஷமும் ஊறும். ஆனால் அது அவளை வருத்தவில்லை என்பதுதான் அவளுக்கு பயம். ஒறுத்தலில் இத்தனை ருசி இருக்கலாமா? பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று போவாள். மண்டியிட்டதும் என்னென்னவோ சொல்லிவிட்டு வந்துவிடுவாள். ஈஸ்டர் பூசை முடிந்து அன்றைக்குக் குழம்பு சாப்பிடுவாள், நன்றாகவே இருக்கும். மறுநாள் தன் உப்பைத் தானே பார்த்துக்கொள்வாள். அவர் வாசலிலேயே இருப்பார், சோறு ஆயிற்றா என்று அங்கிருந்தே கேட்பார். அன்றைக்குத்தான் அவளுக்கு எதையோ விட்ட மாதிரி இருக்கும்.

இதை எப்படி ஒரு மனுஷனிடம் சொல்வது? அதுவும் புருஷனிடம்?

"நீ மோரு ஊத்திக்கினு குந்தியிருக்க, நான் எதிர்ல இத துன்னுக்கினு கீறேன்" என்றார் இனியவன். "எனுக்கு எறங்கல அமலா. என் காலுக்கு நீ எத்தினி வருசம் வாயக் கட்டுவ?"

அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். தன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, ஊதி ஆற்றி, அவள் வாயருகே நீட்டினார்.

"இன்னிக்கு நீ பாரு. ஒரே ஒரு சொட்டு. எனக்காவ."

சிமெண்டு தின்ற வெடிப்புகள் இன்னும் மாறாத கை. நடுவில் குழம்பு, அதன் மேலே மெல்லிய எண்ணெய் வளையம், அரைப் பருப்பு ஒன்று. அத்தனை பக்கத்தில் அந்த வாசனையில் அவளுக்குக் கண்ணே சொருகிற்று. அன்றைக்கும் இதே கைதான், நிலையிலிருந்து நீண்டு வந்தது.

குழம்பு சிந்தாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக அவர் வாய்ப் பக்கமே திருப்பினாள்.

"ஆறிப்போவுது. நீங்களே பாத்து சொல்லுங்க" என்றாள்.