மெஷின் நின்றால் தப்பு

எனக்குக் கணக்கு வருமா வராதா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே டீச்சரிடம், ஒரே அறையில், ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள் நான். டீச்சர் என் அம்மா. அறை எங்கள் வீட்டு முன்னறை. பலகை, அம்மாவின் தையல் மெஷினை ஒட்டிப் போட்டது.

நான் பள்ளிக்கூடம் போனது சில வாரங்கள்தான். கூட்டலில் தப்புப் போட்டேன் என்று அங்கிருந்த டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் கணுவில் அடித்தார். மறுநாள் அம்மா போய் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு என்னையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “என் பிள்ளைய எவளும் அடிச்சுப் படிக்க வைக்க வேணாம். எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியும்” என்றாள். தெரியும்தான். அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். வயிற்றுப்பாட்டுக்குத் தைத்தாள். அதிலும் என்ன தைத்தாள் என்றால், பள்ளிச் சீருடை. தெருவில் பாதிப் பிள்ளைகள் அம்மா தைத்ததை மாட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். நானும் தங்கச்சியும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

அம்மாவுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. பிள்ளையிடம் ‘தப்பு’ என்ற சொல்லைச் சொல்லவே கூடாது. சொன்னதும் இல்லை. நான் கணக்குப் போடுவேன், பக்கத்தில் அவள் மெஷினை மிதிப்பாள். ஓரக்கண்ணால் என் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சரியாகப் போனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது பிசகினால் கால் நின்றுவிடும். திட்டு கிடையாது, முறைப்பு கிடையாது. சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான். நான் அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதிப் பார்ப்பேன். மெஷின் மறுபடி ஓடினால் அதுதான் விடை.

இதைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். “அடியும் இல்ல, திட்டும் இல்ல, பிள்ளை எப்படிப் படிக்குது பாரு” என்பார்கள், துணி கொடுக்க வந்தவர்கள். அத்தை ஒருத்திதான் மெச்சவில்லை. அப்பாவின் அக்கா. “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பரீட்சை எழுதட்டும், அப்புறம் பேசலாம்” என்று போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போவாள். எனக்கு அத்தையைப் பிடிக்காது. ஆனால் அவள் சொன்னதுதான் நடந்தது என்பதால் இன்னும் பிடிக்காமல் போயிற்று.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதினேன். அதற்கு முன்னால் அப்பா ஒரு முடிவு சொன்னார். கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறவர், வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். “பெரியவ பாஸாயிட்டா சின்னவளும் வீட்டுலயே படிக்கட்டும். இல்லேன்னா இந்த வருஷமே அவள ஸ்கூல்ல சேத்துடணும். அப்புறம் யாரும் பேசக் கூடாது.”

சின்னவளை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வயது. அம்மா பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, யார் வீட்டுச் சீருடையையோ மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிப் பார்க்கிறவள். நான் பாஸானால் இவளுக்கு அந்தக் கண்ணாடிதான் கதி. ஃபெயிலானால் எனக்குக் கல்லூரி இல்லை. எப்படிப் பார்த்தாலும் எங்களில் ஒருத்திக்கு வீடுதான். நான் எனக்காகத்தான் படித்தேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

மற்றப் பேப்பர்கள் நன்றாகத்தான் போயின. நான் பத்தாவது எழுதிப் பாஸான அதே பரீட்சை அறை. அங்கே ஒரு பழைய ஃபேன், கடகடவென்று ஓயாமல் அரைத்துக்கொண்டே சுற்றியது. மற்றவர்கள் எரிச்சலோடு மேலே பார்த்தார்கள். எனக்கு மட்டும் அது இதமாக இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் காலரில் அம்மாவின் தையலைப் பார்த்தேன், சிரிப்புக்கூட வந்தது.

கணக்குப் பேப்பர் அன்று பாதியில் கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. என் கை தானாகவே, எழுதிக்கொண்டிருந்த விடையை அடித்தது. வேறு மாதிரி எழுதினேன். அறை அப்படியே அமைதியாக இருந்தது. அதையும் அடித்தேன். அடுத்த கணக்குக்குப் போனேன், அதுவும் சத்தமில்லாமல்தான் இருந்தது. முன்னால் முடித்தவற்றின் மேல் சந்தேகம் வந்து, திரும்பிப் போய் அவற்றையும் அடித்தேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என் பக்கத்தில் நின்றார்.

“ஏம்மா எல்லாத்தையும் அடிக்கிற?”

“இது சரியா மேடம்?”

“நான் சொல்லக் கூடாதும்மா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டார். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

கணக்கில் ஃபெயில். செய்தி வந்த அன்று அத்தையும் வந்தாள். “வீட்டுல புலி, வெளியில எலி” என்றாள். அத்தை போன பிறகு அம்மா கேள்வித்தாளை என் முன்னால் வைத்தாள். “போடு, பாக்கலாம்” என்று மெஷினில் உட்கார்ந்தாள்.

போட்டேன். மெஷின் ஓடியது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. பரீட்சையில் நான் முதலில் எழுதி, பிறகு அடித்த அதே விடைகள்.

“எல்லாம் சரியாப் போடுற. அங்க மட்டும் என்னடி வந்துச்சு உனக்கு?”

“அங்க மெஷின் இல்லம்மா.”

அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஃபேனைச் சொன்னேன், கரண்ட் போனதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சிறுத்துப் போயிற்று.

“அப்ப நான் தைச்சதாலதான் நீ ஃபெயிலாயிட்டேங்கிற.”

“அப்படிச் சொல்லலம்மா.”

“உன்ன ஒரு அடி அடிச்சிருப்பேனா? ஒரு நாள் உன்னப் பாத்துத் தப்புன்னு சொல்லிருப்பேனா?”

“சொன்னதே இல்ல. சொல்லிருந்தா திருப்பி ஏன்னு கேட்டிருப்பேன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள் அம்மா. அத்தையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து என்னிடம் சொன்னது போல இருந்தது. அழ மாட்டேன் என்று இருந்தேன், அழவும் இல்லை.

அப்பா பேச்சு மாறாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் பேசினாள். “ஒரு பேப்பர்தான் போச்சு, திருப்பி எழுதுவா. அதுக்காகச் சின்னவளையும் கொண்டுபோய் அடி வாங்க விடணுமா?” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, “அம்மா சொல்றதும் சரிதானே” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போனார். நான் தோற்றதற்குக் குட்டியின் பள்ளிக்கூடம் ஒன்றுதான் பலன், அதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளியில் சேர்க்கை அந்த வாரத்தோடு முடிய இருந்தது. வீடு முழுக்க நீலத் துணி குவிந்து கிடந்தது, ஊரார் பிள்ளைகளுக்கு.

அன்று மத்தியானம் குட்டி பலகையில் உட்கார்ந்து பெருக்கல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதிரே துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எழுதினாள். அதே நேரம் மெஷினில் நூல் அறுந்தது. அம்மா காலை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். நோட்டை அவள் பார்க்கவே இல்லை.

குட்டி ரப்பரை எடுத்தாள். ஐம்பத்தாறை அழித்தாள். ஐம்பத்து நான்கு என்று எழுதினாள், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அதையும் அழித்தாள். ஐம்பத்தெட்டு.

நூலைக் கோத்துவிட்டு அம்மா தானாகவே நிமிர்ந்தாள். குட்டியின் கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள், நோட்டில் அழித்து அழித்துக் கறுத்துப் போன இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் அம்மா முட்டாள் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நீ முதல்ல எழுதினதுதான் சரி, ஏன் அழிச்ச?’ என்று கேட்டிருக்கலாம். குட்டி ஐம்பத்தெட்டை அழித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் மறுபடி ஐம்பத்தாறு என்று எழுதினாள். அம்மா ஊசிக்கடியில் துணி எதையும் வைக்கவில்லை. வெறும் மெஷினை மிதித்தாள்.

மெஷின் ஓடியது. குட்டியின் முகம் மலர்ந்தது. அடுத்த வரிக்குப் போனாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து போய், குவியலிலிருந்து நீலத் துணி ஒன்றை எடுத்து, ஓடுகிற ஊசிக்கு முன்னால் வைத்தேன்.

“சும்மாதானே ஓடுது. குட்டி அளவுக்கு ஒண்ணு தைம்மா.”

அம்மா துணியைப் பார்த்தாள். அவள் கால் நின்றது. அறையில் சத்தமே இல்லை.

குட்டி என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. குனிந்து, இப்போதுதான் எழுதிய விடையை அழிக்கத் தொடங்கினாள்.