படி தாண்டாத பூனைக் கிருமி

நிலானிக்கு அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வைவா. மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து ஆராய்ச்சியைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் முனைவர் பட்டம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட நாளில் புத்தியுள்ள எவளாவது பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியம்மா வீட்டுக்குள் காலை வைப்பாளா? நிலானி வைத்தாள். "ஆசீர்வாதம் வாங்காம போகாதே" என்று கிள்ளானிலிருந்து அம்மா போனில் மிரட்டியிருந்தாள்.

பெரியம்மா குணபூசணியின் வீட்டுக்குள் நுழைவது சுலபம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. நாற்காலியிலிருந்து எழுந்தால் காப்பி வரும். கூடத்தைக் கடந்தால், "இந்தா, வடை தப்பாவ் பண்ணித் தரேன்" என்று பொட்டலம் கட்ட டப்பா வரும். செருப்பை மாட்டிய பிறகுதான் சொந்தக்காரர்களின் முட்டிவலியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். இப்போது நிலானி வாசல் கிரில்லோடு ஒட்டி நின்றாள். பெரியம்மாவின் ஒரு கையில் சாவி, மறு கையில் நிலானியின் மணிக்கட்டு.

அவளுக்குத் தன் வைரஸ் நினைவுக்கு வந்தது. அவள் ஆராய்ந்தது பூனைகளைப் பிடிக்கும் ஒரு ரெட்ரோவைரஸை. (பெரியப்பா யோகநாதன் கோயிலில் எல்லாரிடமும் 'எங்க நிலானி பூனை டாக்டர்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.) அதற்கும் இதே தலைவலிதான். செல்லுக்குள் தயாராகும் அதன் புரதங்கள் ஒவ்வொன்றாக வந்து சுவரின் உள்பக்கம் ஒட்டி நெருக்கும். சுவர் வெளியே மொட்டாகப் புடைக்கும். கடைசியில் மெல்லிய கழுத்து மட்டும் மிச்சம். அதை வெட்ட வைரஸிடம் கத்தரி கிடையாது. வீட்டுக்காரரான செல்லின் கத்தரியையே வரவழைத்து வெட்டிக்கொள்ளும்.

வீட்டுக்காரரின் கத்தரி! நிலானியின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் எதையும் வெட்டக்கூடியது ஒன்றுதான்.

"பெரியம்மா, இன்னைக்கு புதன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வந்துருமே, அதுக்குள்ள நான் கிளம்பணும்!"

பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயையோ! வந்துரும் இல்லடி, வந்தாச்சு! ஒன்றரை வரைக்கும் யாரும் படி தாண்டக் கூடாது."

சாவி இடுப்புக்குள் போய்விட்டது. நிலானி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "அது இந்தியா டைம் லா. நமக்கு ரெண்டரை மணிக்குத்தான்."

"காலண்டர் இங்க பாசார் கடைல வாங்கினது!"

"ரெண்டரைன்னா வைவா நடுவுலதான் ராகு காலம்" என்றார் பெரியப்பா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

நிலானிக்கு அழுகையே வந்துவிட்டது. "என் வைரஸ்கூட இவ்வளவு கஷ்டப்படல பெரியம்மா!"

"அப்படி என்னதான் பண்ணுது உன் பூனைக் கிருமி?"

"அதையும் சில செல்லுங்க விடாது. வெளிய வந்த பிறகும் கயிறு மாதிரி ஒரு புரதம் காலைக் கட்டிப் பிடிச்சு வச்சுக்கும். என் ஆராய்ச்சியே அந்தக் கயிறுதான்."

"நல்ல செல்லு" என்றாள் பெரியம்மா.

"தப்பிச்சாலும் தனியா போகாது. அந்த வீட்டுச் சுவர்லயே ஒரு துண்டைப் போர்த்திக்கிட்டுத்தான் போகும். அது இல்லாம இன்னொரு செல்லுக்குள்ள நுழையவே முடியாது."

பெரியம்மா புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, "கிருமிக்கே வீட்டை விட்டுட்டுப் போக மனசு வரல. நீ மட்டும் தனியா கிளம்பிட்ட" என்றாள்.

நிலானி அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானத்தில் பட்டுப்புடவை. பெரியப்பா முழுக்கைச் சட்டையில், கார் சாவி பையில் துருத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே இரண்டு பேரும் கிளம்பித்தான் இருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்களும் வரீங்களா பெரியம்மா?"

"இதைக் கேக்க இவ்வளவு நேரமா?" கிரில் படாரென்று திறந்தது.

"ராகு காலம்?"

"துணையோட போனா ஒன்னும் செய்யாது."

"மூணு பேரா போகக் கூடாதே" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"கார்ல பிள்ளையார் இருக்காரு. நாலு. ஏறுங்க!"

பெரியப்பா அரசாங்க உத்தியோகத்தில் ஓட்டிய அதே ஆமை வேகத்தில்தான் இன்றும் ஓட்டினார். மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்தன. ஒரு லோரி திட்டியது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து மூவரும் மாடியேறியபோது தேர்வறைக் கதவு மூடப்போகும் நேரம். பெரியம்மா நிலானியின் நெற்றியில் திருநீறு பூசினாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், மறுபடி பூசினாள். மணிக்கட்டை மட்டும் விடவில்லை. உள்ளேயிருந்து நிலானியின் பெயரை அழைத்தார்கள். அந்தக் கையைத் தானே உதற அவளுக்கு மனம் வரவில்லை.

வாசலில் நிற்கும் யாரையும் 'போ' என்று பெரியம்மா வாழ்நாளில் சொன்னதில்லை, அது அபசகுனம்.

"போடி" என்றாள் பெரியம்மா. கையை விட்டுவிட்டு, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.