ஒரு நாள் தள்ளிக் கேட்ட பேச்சு

சட்டைக் கம்பெனியில் பதினாலு வருஷம் சட்டைக்குக் கை தைத்தவள் சூப்பர்வைசர் ஆன அன்றிலிருந்து, பக்கத்து மெஷின்காரிகள் இரண்டு பேரின் பேச்சு மட்டும் அவளுக்கு ஒரு நாள் தள்ளித்தான் கேட்டது. முதலாளி பேசுவது உடனே கேட்டது. காதில் கோளாறில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். கோளாறு வாயில் என்பது கம்பெனிக்கே தெரியும். பதவிக்கு வந்த முதல் நாள், முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே என்று, அந்த இருவரையும், பட்டன் தைக்கும் அக்காவையும் காலர்காரியையும் பார்த்து, “கொஞ்சம் பேச்சைக் குறைச்சுக்கங்க” என்றுவிட்டாள். மூவரில் வாய் ஓயாதவளே அவள்தான்.

மூவரும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள். அவரவர் டப்பாவை அவரவர் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவள்தான் திறக்க வேண்டும். என்றோ ஒரு நாள் மூடி இறுகிப்போனதில் தொடங்கிய விளையாட்டு அது. இப்போது அவள் சூப்பர்வைசருக்கான கண்ணாடி அறையில் தன் டப்பாவைத் தானே திறந்துகொண்டு, முந்தின நாள் மத்தியானத்தைக் கேட்டபடி சாப்பிட்டாள். பட்டன் அக்கா தன் மாமியாரின் குறட்டையை விட்டுக் காட்டினால், மறுநாள் இவள் தனியாகச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பாள். தன்னைப் பற்றி ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. பெஞ்சில் அவர்கள் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், பை வைக்க என்று நினைத்துக்கொண்டாள். நூல் தீரப்போகிறதென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க அவர்கள் பழகியிருந்தார்கள். வேலைக்கு ஒரு குறையும் இல்லாமல் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

பட்டன் அக்கா வேலையை விட்டு மகளோடு இருக்கப் போனாள். கடைசி நாள் மத்தியானம் அவள் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசுவதும், காலர்காரி வெட்டுத் துணியில் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது. கேட்கத்தான் இல்லை. சாயங்காலம் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் இவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்த இடைவெளியில் உட்கார்ந்தாள். சரியாக ஒன்றே காலுக்கு, காலியாகக் கிடந்த பெஞ்சு ஓரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அடியே, எங்களுக்குக் கோபமெல்லாம் இல்ல. பேச்சைக் குறைக்கச் சொன்னியே, அதான் உன்னைப் பத்தின பேச்சை மட்டும் குறைச்சுக்கிட்டோம். வேற எதைக் குறைக்கிறதுன்னு தெரியல. உன் இடத்துல யாரையும் உட்கார விடல. நீயா வருவேன்னு பார்த்தோம். நாளைக்காவது வந்து உட்காரு.”

“நேத்தே வந்திருக்கணும்க்கா” என்று அவள் காலி ஓரத்தைப் பார்த்துச் சொன்னாள். அழுகையாக வந்தது. காலர்காரியும் ஏதோ சொன்னாள். அது இனி நாளைக்குத்தான் கேட்கும். சொல்லி முடித்துவிட்டு, கையை நீட்டி இவளுடைய டப்பாவை இழுத்து மூடியைத் திறந்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.