எழுதிக்கினீங்களா அண்ணே?

குளிப்பாட்டுவதற்காக அப்பாவின் உடலைத் தூக்கியபோது தலையணைக்கு அடியிலிருந்து நோட்டு நழுவி விழுந்தது. யாரும் கவனிப்பதற்குள் தேவகி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா முனிரத்தினம் இருபது வருஷமாக சி.ஐ.டி.யில் சுருக்கெழுத்தர். நெசவாளர் சங்கக் கூட்டங்களுக்கு மஃப்டியில் போய், அங்கே பேசப்படுவதையெல்லாம் எழுதிவருவது வேலை. மஃப்டி என்ன பெரிய மஃப்டி! பிள்ளையார்பாளையத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. சங்கச் செயலாளர் காசிநாதனே முதல் வரிசையில் அவருக்குப் பெஞ்சு போட்டு, டீ வரவழைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, "எழுதிக்கினீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். கூட்டம் சிரிக்கும். அப்பாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

எமர்ஜென்சியில் அந்தக் காசிநாதனைப் பதின்மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். அப்பாவின் ரிப்போர்ட்தான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது. வெளியே வந்தபின் காசிநாதன் இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. போன வாரம், எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்கும் கமிஷனின் சம்மனோடு ரிப்போர்ட்டின் நகலும் வந்தது. காசிநாதன் பட்டு கோடவுனைக் கொளுத்தச் சொன்னதாக அதில் ஒரு வரி. சுருக்கெழுத்து படித்த தேவகி அன்றே அப்பாவின் கூட்ட நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். அந்த வரி இல்லவே இல்லை. மேலிடத்தில் யாரோ ரிப்போர்ட்டில் சேர்த்திருந்தார்கள். கீழே அப்பாவின் கையெழுத்து.

"டைப் அடிச்சி வந்தத படிக்காமயே போட்டுட்டேம்மா. திங்கக்கிழம போயி சொல்லிடணும்" என்று அப்பா அழுதார். ஞாயிறு விடிகாலையில் மூச்சு நின்றுவிட்டது. பாவி மனுஷன், இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா!

மாலையோடு வந்த இன்ஸ்பெக்டர் அவளைத் தனியே அழைத்தார். "அப்பா நோட்டு ஏதாச்சும் இருந்தா குடுத்துடும்மா. இலாகா சொத்து. உங்கம்மா பென்ஷன் பேப்பர் வேற எங்ககிட்டதான் இருக்குது." குரல் என்னவோ கனிவாகத்தான் இருந்தது. தேவகி இடுப்பிலிருந்த நோட்டின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தாள்.

பாடையைத் தூக்கப் போகும் நேரத்தில் காசிநாதன் வந்து சேர்ந்தார். ஜெயிலில் பாதியாக இளைத்த உடம்பு. மாலையைப் போட்டுவிட்டு, இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

"முனிரத்தினம் அண்ணன், நான் சொல்லாதத எழுதற ஆளு இல்ல."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நிறுத்தினார். கண் பாடைக்குப் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

தேவகி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"நோட்டு எங்கிட்டதான் இருக்குது சார். நாளைக்கி கமிஷன்ல நானே குடுத்துடறேன்."

காசிநாதன் இன்னும் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவில்லை.