அப்பாவிடம் இருப்பது ஒற்றை எக்ஸ்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வாய்தவறிச் சொன்னது. “எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா என்னை அழவச்சிடாதீங்க. நான் அழல.”

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை ஓயாத மாலையொன்றில், ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே அவள்

(அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. மழை என் சரக்கு. அடித்துவிட்டேன்.)

2

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றோர ஊர்களுக்குப் போவாள். பஞ்சுக்குச்சியால் ஆட்களின் கன்னத்து உட்புறத்தைத் தடவி எடுத்து வருவாள். அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் யாரோடு கலந்தார்கள் என்று அதை வைத்துப் பார்ப்பார்கள். தெருப்பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஆ-காட்டு அக்கா’.

(இங்கே கொஞ்சம் அறிவியல். தாண்டிப் போகிறவர்கள் போகலாம். பிறகு என்னைத் திட்டக்கூடாது. பெண்ணுக்கு எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. அம்மா தன் இரண்டு எக்ஸையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, ஒன்றாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அப்பாவிடம் இருப்பதோ ஒற்றை எக்ஸ். எதோடு கலைப்பார்? மகளுக்கு அநேகமாக அப்படியே கொடுத்துவிடுகிறார். ஆகவே ஓர் அப்பாவின் மகள்கள் எல்லோரிடமும் அந்த எக்ஸ் அச்சுப் பிசகாமல் இருக்கும். அம்மா வேறாக இருந்தாலும்.)

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன். கதை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

3

மாதிரிகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் தன் மாதிரியையும் சேர்த்தே ஓட்டுவாள். அப்படி ஒரு நாள், பெயருக்குப் பதில் எண் மட்டுமே உள்ள ஒரு பெண்ணின் முடிவும் அவளுடையதும் அடுத்தடுத்து வந்தன. எக்ஸில் பார்த்த அடையாள இடம் ஒவ்வொன்றிலும், இருவருக்கும் உள்ள இரண்டு எக்ஸில் ஒன்று பொருந்தியது. ஓர் இடம்கூடத் தப்பவில்லை.

என் வரைவில் அவள் நாற்காலியில் சரிந்தாள். படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள். “நான் எங்க சரிஞ்சேன்? திரும்ப ஓட்டிப் பாத்தேன்.”

துணி மடித்த அந்த ஞாயிறு அவள் இதைச் சொன்னபோது, “உன் எச்சில் அதுல பட்டிருக்கும்” என்றேன், ஏதோ தெரிந்தவன் போல.

“பட்டிருந்தா என்னோட ரெண்டுமே தெரியணும். ஒண்ணுதான் தெரியுது.”

“அப்ப அக்கா தங்கச்சியேதான்!”

“அவசரப்படாதீங்க. அந்த ஊர்கள்ல பாதிப் பேருக்கு இதே வரிசை இருந்தா, இது சும்மா தற்செயல். வேற யாருக்குமே இல்லைன்னாதான் இதுக்கு அர்த்தம்.”

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆய்வை முடிப்பது. மக்களுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்று தேடுவதுதான் அவள் பிழைப்பு. அந்த மாதங்களில் மட்டும், வகை குறைவாக இருக்கட்டும், ஊரெல்லாம் ஒன்றுபோலவே இருக்கட்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. (இதை அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். தூங்காமல் புரண்டவளின் பக்கத்தில் படுத்திருந்தவன் நான்.)

இருக்கவில்லை. அந்த வரிசை வேறு யாரிடமும் இல்லை.

4

என் மாமனார் படகு என்ஜின் மெக்கானிக். நாங்கள் போனபோது வாசலில் எதையோ கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். மாமியார் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

“அப்பா, எனக்கு இன்னொரு உடன்பிறப்பு இருக்கும்னு தோணுது. உறுதியா தெரியணும்னா உங்க மாதிரி வேணும். வேண்டாம்னா விட்டுடலாம்.”

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“பொண்ணா?”

“ஆமாப்பா.”

“பொண்ணு” என்றார், தனக்குள். பிறகு வாயைத் திறந்தார்.

(இந்த இடத்தில் மாமியார் கையிலிருந்து குழாய் நழுவியதாக எழுதியிருந்தேன். பொய். அவர் குழாயை மூடிவிட்டு அருகில் வந்தார். “இன்னும் நல்லா ஆ காட்டுங்க” என்றார்.)

மாதிரி எடுத்து முடிந்ததும் மாமனார் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடி நான் வேலை பாத்த ஊர்ல ஒரு பொண்ணோட பழகினேன். அவ வயித்துல புள்ளன்னு தெரிஞ்சதும், சொல்லாம கொள்ளாம அவங்க வீட்ல ஊரையே காலி பண்ணிட்டாங்க. நானும் தேடாத இடமில்ல. புள்ள பொறந்துச்சான்னுகூட தெரியாதும்மா. உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுதான் கட்டிக்கிட்டேன்.”

அவருடைய ஒற்றை எக்ஸ் இரண்டு பேரிடமும் அப்படியே இருந்தது.

மூத்த பிள்ளையாகப் பிறந்து தம்பிகளுக்கெல்லாம் அக்காவாக இருந்தவள், முடிவு வந்த அன்று பேருந்தில் சொன்னாள்: “எனக்கும் அக்கான்னு கூப்பிட ஒருத்தி இருக்கா பாருங்க.”

5

முடிவுதான் சிக்கல். ஒரு வரைவில் இருவரும் சந்தையில் மோதிக்கொள்கிறார்கள். இன்னொன்றில், பெயர்களைப் பூட்டி வைத்திருக்கும் ஆய்வு நெறிமுறைக் குழு மனமிரங்கிப் பூட்டைத்

“திறக்காது” என்றாள். “யாருன்னு தேடி வரமாட்டோம்னு வாக்குக் குடுத்துதான் எடுத்தோம்.”

“உன் அக்காவாச்சே!”

“அக்காவுக்கும்தான் வாக்குக் குடுத்தேன்.”

பிறகு அவளே சொன்னாள்: “அவ கன்னத்தைப் பிடிச்சு நான்தான் எடுத்திருக்கேன். யாரா இருக்கும்னு யோசிச்சா, எல்லா முகமும் வருது.”

ஒன்று மட்டும் செய்தாள். தங்கள் முடிவையும் உறவையும் அறிய விரும்புகிறவர்கள் வரலாம் என்று, குழுவின் சம்மதத்தோடு எல்லா ஊர்களிலும் பொதுவாக அறிவித்தாள். சிலர் வந்தார்கள். ஒருவர் தான் ராஜ பரம்பரைதானே என்று உறுதி கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார். மாமனார் வாரம் தவறாமல் போன் செய்கிறார். “யாராச்சும் வந்தாங்களாம்மா?”

அந்த அக்கா வந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவரே அறியாத அவர் கதைக்கு நான் எப்படி முற்றுப்புள்ளி வைப்பேன்? இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் அவராகவும் இருக்கலாம். வரவேண்டாம் என்று நினைத்தால் அதுவும் அவர் உரிமை. கடைசி வரியைத் தொடங்கி மட்டும் வைக்கிறேன். மீதியை அவர் எழுதட்டும்:

அந்தப் பெண் ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு,