மாமனாரின் ஒன்றாம் எண்

தண்ணீர் வாரியத்தின் வாசலில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். "புகாரில்லாத நகரம்" என்று அதில் பெரிய எழுத்து. அதற்கு மேலே இயக்குநரின் படம், எழுத்தைவிடப் பெரியது. பதாகைக்கு நேர் கீழே, புகார் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையைத் தாண்டித்தான் கண்ணாடி தினமும் உள்ளே போக வேண்டும். தடித்த மூக்குக்கண்ணாடிக்காக அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. இணையத்தில் புகார் கொடுக்கும் கணினி நிரலை எழுதியவள் அவள்தான். வரிசையில் நின்றவர்கள் துண்டுக் காகிதங்களை அவளிடம் நீட்டுவார்கள். புகார் கொடுத்தோம், எண்ணும் வந்தது, மறுநாள் காலையில் கேட்டால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது என்பார்கள். எண்ணைத் தப்பாகக் குறித்திருப்பீர்கள் என்று அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். பெற்ற பிள்ளைமேல் பழி சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்?

வீட்டிலும் அதே வழக்குதான். தெருக்குழாய் உடைந்து வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர். விடிந்தும் விடியாமலும் எழுந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பத்து விரலாலும் புகாரை அடிப்பார். ஒருத்தரும் எட்டிப் பார்த்தபாடில்லை.

"நீங்க கடைசி பட்டனை அமுக்கியிருக்க மாட்டீங்க மாமா" என்று கண்ணாடி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப் பேருக்குத் தட்டச்சு பழக்கிய மனிதர். அன்று முழுக்க அவர் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனும் பேசவில்லை. அவன் அதே வாரியத்தில் சர்வர் பிரிவின் தலைவன். பேசாமலிருப்பதையே பதவிக்குத் தகுதியாக வளர்த்தவன்.

கோபம் தணிந்தபிறகு, ஒருநாள் காலைச் சாப்பாட்டில் மாமனார் ஒரு பெருமையைச் சொன்னார்.

"யாரு வர்றாங்களோ இல்லையோ, எனக்கு மட்டும் எப்பவும் ஒண்ணாம் நம்பர்தாம்மா. நேத்தும் ஒண்ணு, இன்னிக்கும் ஒண்ணு. சீக்கிரம் எழுந்திருக்கிறவனுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல."

கண்ணாடிக்குக் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. புகார் எண் தினமும் ஒன்றிலிருந்து பிறப்பதில்லை. வாரியம் இருக்கும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டியது அது. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டுக்குள் எதையோ தொலைத்துவிட்டவன்போலத் தேடிக்கொண்டிருந்தான்.

அலுவலகம் போனதும் நிரலைப் பிரித்துப் போட்டாள். படிவம் சரி. பட்டன் சரி. சர்வரில் பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அழுகிற குழந்தைக்கு எங்கே வலி என்று கண்டுபிடித்துவிடலாம். இது சிரித்துக்கொண்டே காய்ச்சலில் கிடந்தது.

புகார்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அந்த அலுவலகத்தின் முறை. "புகார்க்கிடங்கு" என்று ஒரு பெயரை மட்டும் சர்வரிடம் சொல்லிக் கேட்கும். சர்வர் தன்னிடமுள்ள பெயர் அட்டவணையைப் பார்த்து, அந்தப் பெயருக்கு உரிய டேட்டாபேஸோடு இணைத்துவிடும். டேட்டாபேஸ் நாளைக்கே வேறு இயந்திரத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும், நிரலைத் தொட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரகர் காட்டியவரே மாப்பிள்ளை என்று கழுத்தை நீட்டுகிற ஏற்பாடு. அட்டவணையில் பெயரே இல்லையென்றால் சர்வர் ஊரைக் கூட்டிவிடும். பெயர் இருந்து, அது வேறு ஆளைக் காட்டினால் ஒரு முனகல்கூட வராது.

கண்ணாடி நிரலில் இரண்டு வரி சேர்த்தாள். இணைப்பு கிடைத்ததும், நீ யார் என்று அதனிடமே கேட்டு எழுதச் சொன்னாள். பதில் உடனே வந்தது: பயிற்சி டேட்டாபேஸ்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கை பழகுவதற்காக வைத்தது அது. யார் எதைக் கிறுக்கினாலும் மறுநாள் விடியுமுன் தானே துடைத்துக்கொண்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக நிற்கும். எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஊரின் உடைந்த குழாய்களும் கலங்கிய தண்ணீரும் இத்தனை நாளாக அதில் விழுந்து, விடியுமுன் காணாமல் போயிருந்தன. முதலில் எழுந்தவருக்கு ஒன்றாம் எண்.

அட்டவணையைத் திறந்து, அந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று பார்த்தாள். அவள் பெயர் இருந்தது.

அவளுடைய பாஸ்வேர்ட் உலகத்தில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஒளிவுமறைவு கூடாதென்று, கல்யாணமான புதிதில் இருவரும் ஒருவர் பாஸ்வேர்டை ஒருவருக்குச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் மோதிரம் மாற்றிக்கொள்வார்கள்.

சர்வர் அறை குளிரில் விறைத்துக் கிடந்தது. வாரியத்துக்குள் இருவரும் சார், மேடம்தான்; குடும்பமும் உத்தியோகமும் ஒட்டக்கூடாது என்று விதி வகுத்தவன் அவனே. அவள் கதவைச் சாத்தியதும் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது? மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்த அன்று உண்மையான டேட்டாபேஸ் படுத்துவிட்டது. இயக்குநர் அறைத் திரை வெறுமையாக நிற்கக்கூடாதே என்று, பெயரை அரைமணி நேரத்துக்குப் பயிற்சி டேட்டாபேஸ் பக்கம் திருப்பினான். திரையில், நேற்றுவரை தீராத புகார் பூஜ்யம் என்று வந்தது. இயக்குநர் பரவசப்பட்டு, இப்படியே இருக்கட்டும் என்றார். பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நல்ல செய்தியின் குலம் கோத்திரம் விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பிறகு பதாகை வந்தது, விருதுப் பேச்சு வந்தது, அவனுடைய பதவி உயர்வுப் பேச்சும் வந்தது.

"அதுக்கு எதுக்குங்க என் பேரு?"

"உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதான்."

"மாமாவை நான் என்ன சொன்னேன்னு தெரியுமில்ல? பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

அவன் மினுங்கும் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாளைக்கு மீட்டிங்ல நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். உன்மேல சத்தியம்" என்றான். சத்தியத்துக்கும் அவள் பெயரைத்தான் எடுத்தான். அவள் அப்போது அதைக் கவனிக்கவில்லை, நம்பினாள்.

அன்றைய புகார்கள் துடைபடுமுன் அவற்றை எடுத்து உண்மையான டேட்டாபேஸில் சேர்த்தாள். அட்டவணை வரியைத் திருத்திப் பழைய இடத்தையே காட்ட வைத்தாள். திருத்தியது யார் என்ற இடத்தில் மறுபடியும் அவள் பெயர் ஏறியது. பாஸ்வேர்டையும் மாற்றினாள்.

மறுநாள் இயக்குநர் அறையின் பெரிய திரையில் பூஜ்யம் செத்துப்போயிருந்தது. பழைய புகார்கள் நாலாயிரத்துச் சொச்சமும் எழுந்து உட்கார்ந்திருந்தன. நேற்றுவரை சுத்தமாக இருந்த ஊர் ஒரே ராத்திரியில் எப்படி நாறும் என்று கூட்டத்தில் இயக்குநர் கேட்டார். ஊர் நேற்றும் இப்படித்தான் இருந்தது என்று கண்ணாடி எடுத்துச் சொன்னாள். செய்தித் தொடர்பாளர், இந்தப் புகார்களையும் பயிற்சிப் புகார்கள் என்று அறிவித்துவிட முடியுமா என்று மெல்ல விசாரித்தார்.

"மாத்தினது யாரு?" என்றார் இயக்குநர்.

கண்ணாடி புருஷனைப் பார்த்தாள். அவன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான். அதற்குள் உதவியாளர் அட்டவணையைத் திரையில் போட்டுவிட்டார். அவள் பெயர் சுவர் அகலத்துக்கு நின்றது.

"மேடம் வேலைப்பளுவுல தெரியாம மாத்தியிருக்கலாம் சார்" என்றான் அவள் புருஷன். "வேணும்னு செய்றவங்க இல்ல. அதுக்கு நான் உத்தரவாதம்."

தன் பாஸ்வேர்ட் சாருக்கும் தெரியும் என்று அவள் சொன்னபோது, அது அவளுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பாஸ்வேர்டை வெளியே சொல்வதே குற்றமல்லவா, அதைச் சபையில் ஒப்புக்கொள்கிறாரே இந்த அம்மா என்று அவருக்கு ஆச்சரியம். கூட்டம் முடியும்போது கண்ணாடியிடம் விளக்கம் கேட்டு ஓலை தயாராகியிருந்தது. பெயர் அட்டவணையில் இனி எவரும் கைவைக்காமல் காக்க ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். தலைவன், அவள் புருஷன். பதாகையை யாரும் அவிழ்க்கவில்லை. பணம் கொடுத்து அடித்தது.

சாயங்காலம் மாமனார் வாசலிலேயே அவளுக்காகக் காத்திருந்தார். குழாய்க்காரர்கள் வந்து உடைப்பை அடைத்துவிட்டார்களாம். ஆனாலும் அவர் முகம் களையிழந்திருந்தது. காலையில் வந்த எண்ணை எழுதிய காகிதத்தை நீட்டினார்.

"இன்னிக்கு நாலாயிரத்துச் சொச்சம்னு வருதும்மா. நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள இத்தனை பேரா?"

"உங்க டைப்பிங்ல ஒரு எழுத்து தப்பில்ல மாமா. பட்டனையும் ஒழுங்காத்தான் அமுக்கினீங்க. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

"பின்ன தப்பு யார் மேலம்மா?"

அவள் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து குரல் வந்தது. அவன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏம்மா, பாஸ்வேர்ட் மாத்திட்டியா? உன் பேர்ல உள்ள போக முடியலயே. அட்டவணையில அந்த வரியக் கொஞ்சம் பழையபடி ஆக்கிடலாம்னு பாத்தேன். உன் நல்லதுக்குத்தான்."

கண்ணாடி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அதை ஆபீஸ்ல வந்து கேளுங்க, சார்."

அந்த வீட்டுக்குள் அந்தச் சொல் அதுவரை நுழைந்ததில்லை. மாமனார் மருமகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார், சற்று அதிக நேரம். நாலாயிரத்துச் சொச்சத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடைத்த குழாய் இன்னும் கசிகிறதா என்று பார்க்கத் தெருவுக்கு இறங்கிப் போனார்.