வாடகைக் காக்கி

கல்லூரிப் போட்டிக்கு ஐந்து நிமிடப் படம் எடுக்கக் கிளம்பினோம். வேலை தேடி இந்தி பேசும் ஊருக்கு வந்த தமிழர்கள் வாழும் ஆகுர்டி தொழிலாளர் குடியிருப்பில் வேலையில்லாத பையன்களுக்கும் போலீசுக்கும் நடக்கும் மோதல்தான் கதை. நான் இயக்குநர். ஹேண்டிகேம் என் மாமாவுடையது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அந்தக் குடியிருப்பிலேயே பிறந்த செல்வின் கதாநாயகன். கிட்டுவுக்குப் போலீஸ் வேடம். நாடகக் கடையில் வாடகைக்கு எடுத்த காக்கிச் சட்டைக்குள் அவன் தொப்பை மட்டும் அசலாக இருந்தது.

முற்றத்தில் செல்வினின் காலரைக் கிட்டு பிடித்தான். முதல் வசனத்தை அவன் சொல்வதற்குள், மாடியிலிருந்து ஓடிவந்த செல்வினின் அம்மா அந்தோணியம்மாள் கிட்டுவின் காலில் விழுந்தார்.

"சாஹேப், நேத்து பூரா வீட்லதான் இருந்தான். பக்கத்து வீட்ல கேளுங்க, சாஹேப்!" என்று, போலீசிடம் பேசும் இந்தியில் கதறினார்.

"ஆன்ட்டி, நான் கிட்டு! காலைல உங்க வீட்லதானே இட்லி தின்னேன்?"

அவர் பார்வை பெல்ட்டுக்கு மேலே ஏறவே இல்லை. இந்தியும் நிற்கவில்லை. கிட்டு தொப்பியைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது.

செல்வின் மெதுவாகக் கேட்டான். "நேத்து என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலடா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"உனக்கு மீசை முளைச்ச நாள்லேர்ந்து மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்."

கிட்டு அங்கேயே சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.